குளிருக்கு விறைக்கும் கால்கள்: யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மார்கழியில் எங்கள் பக்கம் இரவு வெப்பநிலை 22, 23 பாகை செல்சியஸைச் சுற்றித்தான் நிற்கும். கனடாவில் இருந்து வந்து நிற்கிறவர்கள் அதற்குள்ளும் மின்விசிறி போட்டுத்தான் படுப்பார்கள். ஆனால் வாடைக்காற்று தொடங்கினதும் "கால் விறைக்குது", "விரல் மரத்துப் போச்சு" என்று சொல்லுகிற ஒருவர் பல வீடுகளில் இருப்பார். அம்மம்மாவாக இருக்கலாம், சலரோகம் (நீரிழிவு) உள்ள அப்பாவாக இருக்கலாம், கம்பஸுக்குப் போகிற பெண்பிள்ளையாகவும் இருக்கலாம். "இதென்ன குளிர்நாடா?" என்று கேட்டு வீட்டார் அந்தக் கதையை அதோடு விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாது. சிலருக்கு இது ஒரு தொந்தரவு மட்டும்தான். சிலருக்குக் காலையே காப்பாற்ற வேண்டிய ஒரு நோயின் முதல் அறிகுறி. இரண்டையும் பிரித்தறிய வைத்தியம் படித்திருக்கத் தேவையில்லை. உடம்பு எப்படிச் சூட்டைக் காக்கிறது என்று கொஞ்சம் விளங்கினால் போதும்.

இருதயமும் ஈரலும் மூளையும் ஏறத்தாழ 37 பாகையில் இருந்தால்தான் உடம்பு ஒழுங்காக இயங்கும். அந்தச் சூட்டைக் காக்கிற பொறுப்பில் பெரும்பகுதி கை, கால், மூக்கு, காது ஆகியவற்றின் தோலுக்கு உரியது. அங்கே இரத்தத்தை நேரடியாகத் திருப்பிவிடக்கூடிய விசேட குறுக்குக் குழாய்கள் நிறைய உண்டு. உடம்பில் சூடு கூடினால் அவை அகலத் திறந்து, தோல் வழியே சூட்டை வெளியே விடும். குளிர்ந்தால் நரம்புகள் நோரட்ரினலின் என்ற இரசாயனத்தைச் சுரக்க, அவை சுருங்கிவிடும். தோட்டத்தில் தண்ணி மாறுகிறவர் ஒரு பாத்தியின் வாயை மண்வெட்டியால் அடைத்து, தண்ணியை வேண்டிய பாத்திக்குத் திருப்புகிற அதே வேலைதான் இது. தண்ணி தட்டுப்பட்டால் முதலில் அடைபடுவது கடைசிப் பாத்தி. உடம்பில் அந்தக் கடைசிப் பாத்தி கால்விரல்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கால்விரலுக்கு இரத்தம் போவதைத் தீர்மானிப்பது காலில் படுகிற குளிர் மட்டுமல்ல. நெஞ்சும் முதுகும் கழுத்தும் குளிர்ந்தாலே காலின் குழாய்கள் சுருங்கிவிடும். மெல்லிய சேட்டோடு திண்ணையில் இருந்துகொண்டு காலுக்கு மட்டும் இரண்டு சோடி மேசு (காலுறை) போட்டால் கால் சூடாகாததற்கு இதுதான் காரணம். முதலில் ஒரு சுவெற்றரைப் போடுங்கள், சால்வையால் கழுத்தை மூடுங்கள், அதற்குப் பிறகு காலைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

கால் குளிர்வதற்கு மூன்று பெரிய வழிகள் உண்டு: குழாய் தேவைக்கு மேல் சுருங்குவது, குழாய் உள்ளே அடைபடுவது, நரம்பு பிழையாகச் செய்தி சொல்லுவது. ஒன்றுக்குச் செய்கிற உதவி இன்னொன்றுக்கு ஆபத்தாக முடியும் என்பதால், எது என்று முதலில் தெரிய வேண்டும்.

குழாய் தேவைக்கு மேல் சுருங்கினால்

மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் 1862 இல் இதைப் பற்றி எழுதினார். அதனால் இதற்கு ரேனோ நிலை என்று பெயர். எல்லாருக்கும் குளிரில் குழாய் கொஞ்சம் சுருங்கும். இவர்களுக்கு ஒரேயடியாக இறுகிவிடும். அதற்குப் பெரிய குளிரும் தேவையில்லை. சூட்டில் இருந்து குளிருக்குச் சட்டென்று மாறுவதே போதும். மனப்பதற்றமும் இதைத் தூண்டும், பரீட்சை மண்டபத்தில் விரல் வெளிறுகிற பிள்ளைகள் உண்டு.

என் சின்னம்மாவுக்கு இது இருக்கிறது. குசினியில் ரைல்ஸ் நிலத்தில் வெறுங்காலோடு நின்று, பிறிட்ஜின் மேல்தட்டில் இருந்து உறைந்த மீனை எடுத்துக் கழுவினால் வந்துவிடும். அப்படி வந்த ஒரு நாள் பக்கத்தில் குந்தி இருந்து பார்த்தேன். பெருவிரல் வழமைபோல இருந்தது. அதற்கு அடுத்த இரண்டு விரல்களும் நகத்தடியில் இருந்து நடு மூட்டு வரைக்கும் சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தன, எல்லை கோடு கீறின மாதிரித் தெரிந்தது. தொட்டால் தனக்குத் தெரியவில்லை என்றா. கொஞ்ச நேரத்தில் அந்த விரல்கள் கருநீலமாகின. சூடான பாயில் இருத்திக் காலை மூடிவிட்ட பிறகு சிவந்து, குத்தத் தொடங்கின. "சும்மா விடு பிள்ளை, கொஞ்சத்தில வந்திடும்" என்று சொன்னபடியே விரல்களை அசைத்துக்கொண்டு இருந்தா. பதினைந்து இருபது நிமிடத்தில் எல்லாம் வழமைக்குத் திரும்பியது.

வெள்ளை, நீலம், சிவப்பு என்ற இந்த ஒழுங்குதான் ரேனோவின் அடையாளம். எல்லாருக்கும் மூன்று நிறமும் வராது. எங்கள் தோல் நிறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைத்தியப் புத்தகங்களில் இருக்கிற படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. கறுத்த, மாநிறக் கால்களில் அந்த வெள்ளை சாம்பல் நிறமாகவோ மங்கிய மஞ்சளாகவோ தெரியும், நீலம் வெறும் கறுப்பாகத் தெரியும். ஆகவே விரலின் மேல்பக்கத்தை விட்டுவிட்டு உள்ளங்கால் பக்கத்தையும் நகத்தின் அடியையும் பாருங்கள். நிறமாற்றம் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து, புண் எதுவும் இல்லாமல் போய்விடுகிற ரேனோ பெரும்பாலும் தனியே வருகிற சாதாரண வகை. பெண்களுக்குத்தான் இது அதிகம். இதனால் விரல் பழுதாவதில்லை. முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ, கூடவே மூட்டு வீக்கம், கைத்தோல் இறுகுதல், வாய் வறட்சி, முகத்தில் தடிப்பு என்று ஏதாவது இருந்தாலோ கதை வேறு. உடம்பின் எதிர்ப்புச்சக்தி உடம்பையே தாக்குகிற ஸ்கிளெரோடேர்மா, லூபஸ் போன்ற நோய்கள் பின்னால் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையும் நகத்தின் அடித்தோல் மடிப்பில் உள்ள நுண்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்க்கிற பரிசோதனையும் அதைக் காட்டும்.

குளிசைகளும் இதைக் கூட்டும். பிறசருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கிற அற்றினலோல், ஒற்றைத் தலையிடிக்கும் கைநடுக்கத்துக்கும் கொடுக்கிற புறொப்ரனலோல், தலையிடிக்கான எர்கொற்றமின், மூக்கடைப்புக்கு எடுக்கிற சில மருந்துகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். சந்தேகம் வந்தவுடன் நீங்களாக நிற்பாட்டிவிடாதீர்கள். அற்றினலோல், புறொப்ரனலோல் வகையைத் திடீரென்று விட்டால் இருதயத்துக்கு ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வருகிற இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ முதல் குளிர்காலத்தில் கால்விரல்கள் வீங்கி, ஊதாவாகி, தாங்க முடியாத கடியும் எரிவும் என்று வட்ஸ்அப்பில் படம் வரும். இங்கிருந்து பார்க்கிற அம்மா சேற்றுப்புண் என்று நினைத்துக் களிம்பு பூசச் சொல்லுவா. அது பெரும்பாலும் குளிர்க்கடுப்பு. ஈரமான குளிரில் நின்று, ஒரு நாளுக்குள் தோன்றுவது. உறைநிலைக்குப் போகாத குளிரிலேயே வரும், இரண்டு மூன்று கிழமையில் தானாக ஆறும். குளிர்ந்த காலைச் சூடாக்கியில் நேரே வைப்பதுதான் இதைக் கூட்டுகிற பெரிய பிழை. மெல்ல மெல்லச் சூடாக வேண்டும்.

குழாய் அடைபட்டால்

இதுதான் என்னை அதிகம் பயப்படுத்துகிற வகை. வயது, சலரோகம், பிறசர், கொழுப்பு, புகைத்தல் எல்லாம் சேர்ந்து காலுக்குப் போகிற பெரிய நாடிகளின் உட்சுவரில் படிவு படிய வைக்கும். குழாய் ஒடுங்கிப்போகும். கால் குளிர்ந்திருக்கும், வெயில் நேரத்திலும் குளிர்ந்திருக்கும். அடையாளம் நடையில் தெரியும். சந்தைக்கு நடந்து போகிறவருக்குப் பாதி வழியில் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும். ஒரு வேலியோரம் நின்றால் சில நிமிடத்தில் போய்விடும். திரும்ப நடந்தால் அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கும். "வயசு போட்டுது, அதான்" என்று சொல்லி நடையைக் குறைத்துக்கொள்ளுவார்கள். நடை குறைந்தால் வலி தெரியாது, நோயும் தெரியாது. முற்றினால் படுக்கையிலேயே பாதம் நோகும், கட்டிலில் இருந்து காலைத் தொங்கவிட்டால்தான் நித்திரை வரும். பாதத்தில் மயிர் உதிரும், சின்னக் கீறல் கிழமைக்கணக்கில் ஆறாது.

எங்கள் மண் புகையிலை விளைகிற மண். சுருட்டும் வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் பலருக்கு வாழ்க்கையோடு ஒட்டினவை. நிக்கொட்டின் ஒவ்வொரு முறையும் காலின் குழாய்களைச் சுருக்குகிறது. வருடக்கணக்கில் அது அடைப்பையும் வளர்க்கிறது. 1908 இல் லியோ பேர்கர் விவரித்த ஒரு நோய் உண்டு. பெரும்பாலும் 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட புகைக்கிற ஆண்களின் கால்விரல் நாடிகள் வீங்கி அடைபட்டு, விரல் கறுத்துப் போகும். அதில் காலைக் காப்பாற்றுகிற வழி புகையிலையை முற்றாக விடுவதுதான். ஒன்றிரண்டு என்று குறைப்பது போதாது, சப்புகிற புகையிலையும் கணக்கில் வரும்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை சொல்லுகிறேன். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னால் பாதத்தின் மேல் ஒரு நாண் விறைத்து நிற்கும். அதற்குச் சின்னவிரல் பக்கமாக, பாதத்தின் நடுவில், இரண்டு விரல் நுனிகளை மெதுவாக வையுங்கள். அமத்தினால் துடிப்பு மறைந்துவிடும், மெதுவாகத்தான் வைக்க வேண்டும். நாடி தட்டுப்படும். இன்னொன்று உட்கணுக்காலுக்குப் பின்னால் குழியில் கிடைக்கும். சிலருக்கு மேற்பாதத்து நாடி இயல்பாகவே தட்டுப்படாது, ஆனால் ஒரு காலிலாவது இரண்டு இடத்திலும் கிடைக்காவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். அங்கே கையிலும் கணுக்காலிலும் பிறசர் எடுத்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் பிரித்தால் 1 ஐ அண்டி வர வேண்டும். 0.9 க்குக் கீழே போனால் அடைப்பு. நீண்டகாலச் சலரோகம் உள்ளவர்களுக்கு நாடிச் சுவர் சுண்ணாம்பேறி இறுகிவிடுவதால் இந்த எண் பொய்யாகக் கூடக்காட்டும், வேறு பரிசோதனை தேவைப்படும்.

அடைப்புக்கு மருந்துகள் உண்டு, சிலருக்குக் குழாயை விரிக்கிற சிகிச்சையும் உண்டு. அவற்றோடு நடைக்கும் பெரிய பங்கு இருக்கிறது. வலி வருமட்டும் நடந்து, நின்று, வலி போனதும் திரும்ப நடப்பது. அரை மணித்தியாலத்துக்கு மேலாக, கிழமைக்கு மூன்று நாளாவது, மூன்று மாதம் விடாமல் செய்தால் வலியில்லாமல் நடக்கிற தூரம் கூடும். பாதத்தில் புண் இருப்பவர்களும் படுக்கையிலேயே பாதம் நோகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்கக்கூடாது.

ஒரு கால் மட்டும் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, கடுமையாக நொந்து, உணர்ச்சி இல்லாமல் போனால் அது அவசரம். நாடியில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், சில மணித்தியாலங்களில் காலை இழக்கலாம். தைலம் பூசிப் பார்க்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

நரம்பு பிழையாகச் சொன்னால்

"பாதம் ஐஸ் மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொல்லும்போது உங்கள் புறங்கையால் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாகத்தான் இருக்கிறது என்றால் இரத்த ஓட்டத்தைவிட நரம்பின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். சலரோகம் இதற்கு முதற்காரணம். விற்றமின் பி12 குறைபாடும் இதைச் செய்யும். மரக்கறிச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிற சைவக் குடும்பங்களில் அது குறைய வாய்ப்புக் கூட, சலரோகத்துக்கு எடுக்கிற மெற்போர்மினும் காலப்போக்கில் அதைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்த ஆட்கள் இங்கே எத்தனையோ பேர். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, மருந்தில் சரிக்கட்டக்கூடிய குறை இது. முழு உடம்பும் குளிர்கிறது, களைப்பாக இருக்கிறது என்றால் இரத்தச்சோகையையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நரம்பு மந்தமான காலுக்குப் பெரிய எதிரி சுடுதண்ணி. குளிருது என்று வாளியில் கொதிதண்ணி கலந்து காலை வைக்கிறவர்களுக்கு அது சுடுவது தெரியாது. எடுத்துப் பார்க்கும்போது தோல் கழன்றிருக்கும். சுடுதண்ணிப் போத்தல், உப்பு ஒத்தடம், நெருப்புச் சட்டிக்குக் கிட்டக் கால் நீட்டுவது எல்லாம் இதே ஆபத்துத்தான். சலரோகம் உள்ளவர்கள் காலை ஊறவைப்பதையே விட்டுவிடுங்கள். கழுவுகிற தண்ணியையும் முழங்கையால், முடிந்தால் வேறொருவரின் முழங்கையால் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். தைலங்கள் தோலுக்குச் சூட்டுணர்வு தருமே தவிர அடைபட்ட குழாயைத் திறக்காது. நல்லெண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவது வறண்ட தோலுக்கு நல்லது, விரலிடுக்கில் மட்டும் பூச வேண்டாம்.

நாளாந்தம் செய்யக்கூடியவை

ஈரம்தான் எங்கள் ஊர்க் குளிரின் பாதி. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈரம் காயும்போதும் சூடு போகும். திருவெம்பாவைக்கு விடியமுன் முழுகுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அப்போது அள்ளின கிணற்றுத்தண்ணி வெதுவெதுப்பாக இருக்கும், இரவு முழுக்கத் தொட்டியிலும் மேல்தாங்கியிலும் நின்ற தண்ணிதான் குளிரும். கால் விறைக்கிறவர்கள் புதிதாக அள்ளின தண்ணியில் முழுகி, கிணற்றடியிலேயே உடம்பையும் விரலிடுக்கையும் துவட்டிவிட்டு வாடை படாமல் உள்ளே போங்கள். கோயில் வாசலில் கால் கழுவினாலும் அப்படித்தான். ஒரு சின்னத் துவாய் கையில் இருந்தால் ஈரக்காலோடு கருங்கல்லில் நிற்கத் தேவையில்லை. விடியப் போக முடியாத உடம்பு என்றால் வெயில் ஏறினபிறகு போகலாம்.

வீட்டுக்குள் செருப்புப் போடுவது எங்கள் பழக்கத்தில் இல்லை. வீட்டுக்கென்று தனிச் சோடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது குசினியில் நிற்கிற இடத்தில் மடித்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். சீமெந்து நிலத்திலும் ரைல்ஸிலும் மணித்தியாலக்கணக்காக நிற்கிற பெண்களுக்கு இது பெரிய வித்தியாசம் தரும்.

கொழும்புக்கு இரவு ஏசி பஸ்ஸில் போகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே மேசு போட்டுவிடுங்கள். விறைத்த பிறகு போட்டால் மேசு குளிரைத்தான் பிடித்து வைக்கும். தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தை மூடி, நெஞ்சைப் போர்த்தி, இடைக்கிடை குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துங்கள். மேசின் வார் கணுக்காலில் தடம் பதித்தால் அது இறுக்கம். சப்பாத்துக்குள் இரண்டு மேசு திணிப்பதைவிட ஒன்றைத் தளர்வாகப் போடுவது மேல். நாளப் புடைப்புக்கு (வெரிக்கோஸ் வெயின்) விற்கிற இறுக்கமான நீளக் காலுறையை நாடி அடைப்பு இல்லை என்று தெரியாமல் போடவே கூடாது.

விடிய மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மூடின சப்பாத்துப் போடுங்கள். ஐஸ் பெட்டிகளோடு வேலை செய்கிற குருநகர், பாசையூர்ப் பக்கத்து ஆட்களுக்கு றப்பர் பூட்ஸும் உள்ளே காய்ந்த மேசும், மாற்றுவதற்கு இன்னொரு சோடியும் வேண்டும்.

ரேனோ வந்துவிட்டால் முதலில் குளிரில் இருந்து விலகுங்கள். உடம்பைப் போர்த்துங்கள், விரல்களை அசையுங்கள், உணர்ச்சி சரியாக உள்ளவர்கள் வெதுவெதுப்பான தண்ணியில் வைக்கலாம். கசக்கித் தேய்க்க வேண்டாம். இவ்வளவும் செய்தும் அடிக்கடி வந்து வேலையைக் கெடுத்தால் குழாயைத் தளர்த்துகிற நிபெடிபின் போன்ற குளிசையை வைத்தியர் தருவார். அதற்குத் தலையிடி, முகம் சூடேறுதல், கணுக்கால் வீக்கம் வரலாம் என்று தெரிந்திருங்கள். பக்கத்து வீட்டு ஆளின் பிறசர்க் குளிசையை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

போதனா வைத்தியசாலைக்கோ, பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளுக்கோ போகமுன் ஒரு ஆயத்தம் செய்யுங்கள். விரல் வெளிறுகிற நேரத்தில் உள்ளங்கால் பக்கத்தையும் சேர்த்துத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள், உங்கள் முறை வரும்போது கால் வழமைக்குத் திரும்பியிருக்கும். எந்த விரல், ஒரு காலா இரண்டு காலா, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தால் நோகிறது என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் குளிசைப் பைகளையும், தலையிடிக்கு பார்மசியில் வாங்கினதையும் சேர்த்து, அப்படியே கொண்டுபோய் மேசையில் வையுங்கள். சுருட்டு, புகையிலைக் கணக்கைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.